கணினி கேள்வி–பதில்: சி டிரைவில் தேங்கும் பழைய மீட்புப் பிரதிகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே கவலையைச் சொல்கின்றன. கணினியில் இடம் தீர்ந்துவிட்டது, ரெகவரி என்றும் பேக்கப் என்றும் பெயர் தாங்கிய பழைய சேமிப்புகள் பல ஜி.பி. இடத்தைப் பிடித்திருக்கின்றன, அவற்றை நீக்கலாமா என்பதே அந்தக் கவலை. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று செம்பூரில் வசிக்கிறேன். எனது மடிக்கணினியில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருக்கிறது. சில வாரங்களாக சி டிரைவின் கோடு சிவப்பாகவே இருக்கிறது, 6 ஜி.பி. மட்டுமே மீதம். புனேயில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், சிஸ்டம் புரொடெக்‌ஷன் என்ற இடத்தில் 33 ஜி.பி.க்கு மேல் பயன்பாட்டில் இருப்பதாகத் தெரிந்தது. லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன்; எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்வதுதான் வழி என்றார்கள். மறைந்த என் கணவர் எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து இதில்தான் வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளின் படங்களும் இதில்தான் இருக்கின்றன. அந்த 33 ஜி.பி.யை நீக்கினால் இவையும் போய்விடுமா?

பதில்: போகாது, அம்மா. உங்கள் கடிதங்களும் படங்களும் இருக்கும் இடம் வேறு, அந்த 33 ஜி.பி. இருக்கும் இடம் வேறு. இடம் தீர்ந்துபோன ஒரே காரணத்துக்காகக் கணினியை ஃபார்மட் செய்யத் தேவையே இல்லை. கடையில் அதற்கு ஒப்புக்கொள்ளாமல் எழுந்து வந்தீர்களே, அது மிகச் சரியான முடிவு.

அந்த 33 ஜி.பி. என்னவென்று தெரிந்துகொண்டால் பயம் தானே விலகிவிடும். சிஸ்டம் ரீஸ்டோர் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் மில்லெனியம் எடிஷனில் முதன்முதலாகக் கொடுத்தது. புதிய மென்பொருளோ டிரைவரோ (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் நிரல்) அப்டேட்டோ போட்ட பிறகு கணினி தகராறு செய்தால், அதற்கு முந்தைய நாளின் நிலைக்கு விண்டோஸைத் திருப்பிக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. அப்படித் திரும்புவதற்கு உதவும் அடையாளத்தையே மீட்புப் புள்ளி என்கிறோம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இது ஷாடோ காப்பி என்னும் முறையில் இயங்குகிறது.

வங்கியில் இருந்தவர் என்பதால் பேரேட்டை வைத்தே சொல்கிறேன். பேரேட்டில் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்துவதற்கு முன், அந்த வரியில் பழையபடி என்ன இருந்தது என்பதை வேறொரு சிறு நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் பேரேட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், அந்த நோட்டைப் பார்த்து மாறிய வரிகளை மட்டும் மறுபடி மாற்றினால் போதும். விண்டோஸ் செய்வதும் இதுவே. வட்டில் ஓர் இடத்தின் மீது புதிதாக எழுதுவதற்கு முன்பாக, அங்கே ஏற்கெனவே இருந்ததை 16 கே.பி. அளவுள்ள துண்டுகளாக எடுத்து, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற மறைந்த ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கிறது. நாள் செல்லச் செல்ல, எழுதுவது கூடக் கூட, அந்த நோட்டு தடித்துக்கொண்டே போகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ளலாம். நோட்டைக் கிழித்துப் போட்டால் பேரேட்டுக்கு எந்தச் சேதமும் வராது. அதாவது மீட்புப் புள்ளிகளை நீக்குவதால் இன்று உங்கள் கணினியில் திறக்கும் எந்தக் கோப்பும் அழியாது. பேரேடே எரிந்துபோனால் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது என்பது மற்றொன்று. எஸ்.எஸ்.டி. பழுதாகி நின்றுவிட்டால் அதே எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் மீட்புப் புள்ளிகளும் சேர்ந்தே போய்விடும். எனவே, அம்மா, உங்கள் கணவரின் கடிதங்களுக்கு இந்த 33 ஜி.பி. ஒருநாளும் பாதுகாப்பாக இருந்ததில்லை. அந்தக் கடிதங்களுக்கு இன்றைய தேதியில் வெளியே வேறு பிரதி இல்லை என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட கவலை. இடப் பற்றாக்குறை இரண்டாம்பட்சம்.

ஆகையால் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நல்ல பென் டிரைவிலோ கடிதங்களையும் படங்களையும் படியெடுங்கள். படியெடுத்த பின் அந்த டிரைவைக் கழற்றி மகனிடமோ அண்டை வீட்டாரிடமோ உள்ள வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கடிதங்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் வழக்கம்போல் இயங்குகிறதா என்று பாருங்கள். ஏதாவது கோளாறு இருந்தால் பழைய மீட்புப் புள்ளி தேவைப்படலாம். கோளாறு தீரும் வரை நீக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால், ஸ்டார்ட் பட்டனுக்கு அருகே உள்ள தேடல் பெட்டியில் டிஸ்க் கிளீனப் என்று தட்டித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அதில் ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற பட்டனை அழுத்தினால் மறுபடி கணக்கிட்டுவிட்டு, மேலே ‘மோர் ஆப்ஷன்ஸ்’ என்ற புதிய தாவல் ஒன்றைக் காட்டும். அதன் கீழ்ப்பகுதியில் சிஸ்டம் ரீஸ்டோர், ஷாடோ காப்பி என்ற தலைப்புக்கு நேரே இருக்கும் ‘கிளீன் அப்’ பட்டனை அழுத்துங்கள். கடைசி மீட்புப் புள்ளியைத் தவிர மற்றவை அனைத்தையும் நீக்கட்டுமா என்று கேட்கும், சம்மதம் சொல்லலாம். நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் வழி இதுதான், ஏனெனில் ஒரு புள்ளியாவது கையில் மிஞ்சுகிறது. நீக்கியவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, திரும்ப எடுக்கவும் முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தோடு விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடி எழுதுவீர்கள். 33 ஜி.பி. என்பது உங்கள் டிரைவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மீட்புப் புள்ளிகளுக்கு ஒதுக்கும் அதிகபட்ச அளவை யாரோ 15 சதவீதம் வரை இழுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். தேடல் பெட்டியில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தட்டினால் மகன் காட்டிய அதே இடம் திறக்கும். சி டிரைவைத் தொட்டுவிட்டு ‘கான்ஃபிகர்’ அழுத்தினால் ‘மேக்ஸ் யூசேஜ்’ என்று ஓர் இழுவைக் கோடு தெரியும். அதை 4 அல்லது 5 சதவீதத்துக்குக் குறைத்து வையுங்கள். அதே பெட்டியில் ‘டிலீட்’ என்று ஒரு பட்டன் இருப்பதையும் காண்பீர்கள். அது கடைசிப் புள்ளியையும் சேர்த்து அந்த டிரைவின் எல்லாப் புள்ளிகளையும் நீக்கிவிடும். அவசரத்தில் அதன்மேல் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய்விட்டாலும் பதற வேண்டாம். வெளியே வந்து ‘கிரியேட்’ பட்டனை அழுத்திப் புதிய புள்ளி ஒன்றை உடனே உண்டாக்கிக்கொள்ளலாம்.

கடிதத்தின் ஓரத்தில், 256 ஜி.பி. என்று வாங்கியது 238 ஜி.பி.யாகத்தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்குகளாக எண்ணுகிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

கேள்வி: தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றுவிட்டது என்பதால் எட்டு நாட்களுக்கு முன் விண்டோஸ் 11க்கு மாறினேன். இப்போது சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்று 24 ஜி.பி. அளவில் ஒரு ஃபோல்டர் வந்திருக்கிறது. டிலீட் பொத்தானை அழுத்தினால் அனுமதி இல்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. இதை எப்படி ஒழிப்பது?

பதில்: இன்னும் இரண்டு நாள் பொறுத்திருங்கள், ஐயா, பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் உங்களைப் போலப் பலர் மாறியிருக்கிறார்கள், எல்லோருக்கும் இந்த ஃபோல்டர் வந்திருக்கும். புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால் பழையதற்கே திரும்பிப் போக வசதியாக, முந்தைய விண்டோஸை முழுவதுமாக இதற்குள் வைத்துவிட்டு, பத்து நாள் கழிந்ததும் விண்டோஸே நீக்கிவிடுகிறது.

அந்த இரண்டு நாளை வீணாக்க வேண்டாம். கணக்கு மென்பொருளைத் திறந்து ஒரு பில் போட்டு அச்சிட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவராக இருந்தால் அதைச் செருகி, கணினி அதை அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். பழைய பிரிண்டர், பார்கோடு கருவி போன்றவற்றின் டிரைவர்கள்தான் புதிய விண்டோஸில் முரண்டு பிடிக்கும். ஃபோல்டர் போன பிறகு அதைக் கண்டுபிடித்தால் திரும்ப வழி இருக்காது.

இன்னும் ஒன்றையும் பார்த்துவிடுங்கள். மாறும்போது உங்கள் கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்வதா, எதையும் வைத்துக்கொள்ளாமல் புதிதாகத் தொடங்குவதா என்று ஒரு கேள்வி வந்திருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் டிசைன்களும் பழைய பில்களும் அந்த விண்டோஸ்.ஓல்டுக்குள், யூசர்ஸ் என்ற உள் ஃபோல்டரில் மட்டுமே இருக்கக்கூடும். நீக்குவதற்கு முன் அதைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். அவசரமாக இடம் தேவைப்பட்டால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகப் போய் ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்பதை டிக் செய்து நீக்கலாம். டிலீட் பொத்தானால் வலிந்து நீக்க முயல வேண்டாம், அனுமதிகளை மாற்றிவிடும் தந்திரங்களையும் நாட வேண்டாம். பாதி நீங்கி பாதி நிற்கும்.

கேள்வி: மாட்டுங்காவில் திருமணப் புகைப்படத் தொழில் செய்கிறேன். கணினியிலிருந்து வாராவாரம் ஒரு வெளி டிரைவுக்கு விண்டோஸின் பேக்கப் தானாகவே போகும்படி அமைத்திருக்கிறேன். 1 டி.பி. டிரைவ் நிறைந்துவிட்டது. விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்ற ஃபோல்டரும், கணினியின் பெயரில் இன்னொன்றும் இருக்கின்றன. பழைய தேதியிட்டவற்றை நீக்கிவிடலாமா? கணினியில் இடம் வேண்டி, முடிந்துபோன திருமணங்களின் படங்களை அவ்வப்போது அதிலிருந்து நீக்கி வந்திருக்கிறேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பதில்: நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய வாக்கியம்தான் இந்தக் கடிதத்தின் உயிர்நிலை. அதைப் படிக்காமல் உங்களுக்கு நான் “நீக்குங்கள்” என்று எழுதியிருந்தால் பல குடும்பங்களின் திருமணப் படங்கள் அழிந்திருக்கும்.

கணினியிலிருந்து நீக்கிவிட்ட திருமணங்களின் படங்கள் இப்போது உலகத்தில் எங்கே இருக்கின்றன? அந்தப் பழைய தேதியிட்ட பேக்கப்களுக்குள் மட்டுமே இருக்கின்றன. நேற்றைய பேக்கப்பில் அவை இல்லை, ஏனெனில் நேற்று அவை கணினியில் இல்லை. வாடிக்கையாளருக்கு ஆல்பம் கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்கலாம். பத்து வருடம் கழித்து, படத்தில் இருக்கும் தாத்தா காலமான பிறகு, அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டு வருவார்கள். உங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது நேர்ந்திருக்கும்.

எனவே நீக்குவதற்கு முன் உள்ளே பாருங்கள். விண்டோஸ்இமேஜ்பேக்கப் ஃபோல்டருக்குள் கணினியின் பெயரில் ஒரு ஃபோல்டரும், அதற்குள் பேக்கப் என்ற சொல்லோடு தேதி சேர்ந்த இன்னொரு ஃபோல்டரும், அதற்குள் வி.எச்.டி.எக்ஸ். என்று முடியும் மிகப் பெரிய கோப்புகளும் இருக்கும். அந்தக் கோப்பு ஒரு முழு டிரைவின் நகல். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஆக்‌ஷன் பட்டியலில் ‘அட்டாச் வி.எச்.டி.’ என்பதைத் தேர்ந்து, ‘ரீட் ஒன்லி’ என்ற கட்டத்தை மறக்காமல் டிக் செய்து இணைத்தால், அது கணினியில் இன்னொரு டிரைவாகத் தெரியும். வழக்கமான ஃபோல்டர்களைப் போலவே திறந்து, அதில் மட்டும் இருக்கும் திருமணங்களை வேறொரு புதிய டிரைவுக்குப் படியெடுக்கலாம். வேலை முடிந்ததும் ‘டிட்டாச்’ செய்துவிடுங்கள். கணினியின் பெயரிலுள்ள மற்ற ஃபோல்டர் கோப்புகளின் பேக்கப். அதற்குள் இருப்பதை பேக்கப் வசதியின் ‘ரீஸ்டோர் மை ஃபைல்ஸ்’ வழியாக, வேண்டிய தேதியைத் தேர்ந்து, எடுங்கள்.

படங்களைப் பிரித்தெடுத்த பிறகு பழையவற்றை நீக்கலாம். கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர், விண்டோஸ் 7’ என்ற பழைய பெயரிலேயே அந்த வசதி இன்னும் இருக்கிறது. அதில் ‘மேனேஜ் ஸ்பேஸ்’ என்பதைத் திறந்தால், கோப்பு பேக்கப்களைக் காலவாரியாகப் பார்த்து நீக்க ஒரு பட்டனும், சிஸ்டம் இமேஜ்களை எப்படி வைத்துக்கொள்வது என்று மாற்ற இன்னொரு பட்டனும் இருக்கும். இரண்டாவதில் சமீபத்திய இமேஜை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். விண்டோஸையே பார்த்துக்கொள்ளச் சொன்னால் டிரைவில் 30 சதவீதம் வரை இமேஜ்களுக்கு எடுத்துக்கொள்ளும்.

இனிமேல் முடிந்த திருமணங்களுக்கென்றே தனியாக இரண்டு டிரைவ்கள் வாங்கி, ஒன்றை ஸ்டூடியோவிலும் மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று நான் குர்லாவில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தேன். சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள் அது. கணினி மேசைக்குக் கீழே இருந்தது. என் பேக்கப் டிரைவ், கைக்கு எட்டும்படி அந்தக் கணினிப் பெட்டியின் தலைமேலேயே இருந்தது. தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது குழந்தையையும் அரிசி மூட்டையையும் மேல் மாடிக்கு ஏற்றினோம், டிரைவ் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் மாலை இறங்கி வந்து பார்த்தபோது இரண்டின் மீதும் ஒரே மட்டத்தில் சேற்றுக் கோடு படிந்திருந்தது. என் தாயாரின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்த கோப்புகள் இரண்டிலும் இருந்தன, இரண்டிலிருந்தும் போயின. பேக்கப் எடுத்திருந்தேன், ஆனால் ஒரே அறையில் வைத்திருந்தேன்.

கேள்வி: முலுண்டில் பொறியியல் படிக்கிறேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ரெகவரி பார்ட்டிஷன் என்று 700 எம்.பி. அளவில் ஒன்றும், 15 ஜி.பி. அளவில் இன்னொன்றும் தெரிகின்றன. வலது கிளிக் செய்தால் நீக்கும் வாய்ப்பே வரவில்லை. கட்டளை கொடுத்து நீக்கும் முறையை ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: பார்ட்டிஷன் என்பது வட்டில் தனியாகப் பிரித்து ஒதுக்கிய பகுதி. அவற்றில் 700 எம்.பி. உள்ளதைத் தொடாதீர்கள். கணினி திறக்கவே மறுக்கும் நாளில், நீலத் திரையில் பழுதுநீக்கும் பட்டியல் வருகிறதல்லவா, அது அதிலிருந்துதான் வருகிறது. மீட்புப் புள்ளிக்குத் திரும்புவதற்குக்கூட அந்த நேரத்தில் அதுவே வாசல். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், இந்தப் பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலியிடம் இல்லாத ஏராளமான கணினிகளில் ஏறாமல் பிழை காட்டி நின்றது. அதைச் சிறிதாக வைத்திருப்பதே தொல்லை தரும்போது, நீக்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வலது கிளிக்கில் நீக்கும் வாய்ப்பு வராததற்குக் காரணமும் இதுதான்.

15 ஜி.பி. என்பது மடிக்கணினித் தயாரிப்பாளர், வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோவதற்காக வைத்தது. அதை நீக்கியே தீர வேண்டுமென்றால், முதலில் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ‘கிரியேட் எ ரெகவரி டிரைவ்’ வசதி மூலம் மீட்பு டிரைவ் தயாரித்து, அதிலிருந்து கணினி உண்மையிலேயே பூட் ஆகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடியும் வரை விட்டுவைப்பது நல்லது. அத்துடன், அந்தப் பார்ட்டிஷன் சி டிரைவுக்கு அடுத்தாற்போல் வலப்பக்கம் இல்லையென்றால், கிடைக்கும் 15 ஜி.பி.யை விண்டோஸின் சொந்தக் கருவியால் சி டிரைவோடு சேர்க்கவும் முடியாது.

கேள்வி: பவாயில் வசிக்கிறேன். மேக்புக் வைத்திருக்கிறேன். டைம் மெஷின் பழைய பிரதிகள் உள்ளேயே இடம் பிடிக்கின்றன என்கிறார்கள். எப்படி நீக்குவது?

பதில்: அவற்றைப் பெரும்பாலும் நீங்கள் நீக்க வேண்டியதில்லை. மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின், மணிக்கொரு முறை உள்ளேயே எடுக்கும் ஸ்னாப்ஷாட்களை (அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகளை) 24 மணி நேரம் வரை வைத்திருந்து, இடம் தேவைப்படும்போது தானே விட்டுக்கொடுக்கும். இப்போதே பார்க்க வேண்டுமென்றால் டிஸ்க் யூட்டிலிட்டியில் ‘வியூ’ பட்டியலில் ஸ்னாப்ஷாட்களைக் காட்டும்படி செய்து, வேண்டாததைத் தேர்ந்து நீக்கலாம். ஐபோன் வைத்திருந்தால், அதை இணைத்து ஃபைண்டரில் ‘மேனேஜ் பேக்கப்ஸ்’ திறந்து பாருங்கள். எப்போதோ விற்றுவிட்ட பழைய போனின் பேக்கப் அங்கே பல ஜி.பி. அளவில் தங்கியிருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ரேன்சம்வேர் தாக்கினால் அது மீட்புப் புள்ளிகளைத்தான் முதலில் அழிக்கிறதாம். அப்படியானால் அந்த வசதியையே அணைத்துவிட்டு இடத்தை முழுதாக மிச்சப்படுத்திக்கொள்ளலாமே? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ரேன்சம்வேர் என்பது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல். 2017 மே மாதத்தில் உலகையே உலுக்கிய வானாகிரை என்ற ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டியதோடு ஷாடோ காப்பிகளை அழிக்கும் கட்டளையையும் கொடுத்தது. எனவே ரேன்சம்வேரிலிருந்து மீட்புப் புள்ளிகள் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது. அதற்கு, கணினியிலிருந்து கழற்றி வைத்த வெளி டிரைவ்தான் துணை. ஆனாலும் ஓர் இல்லத்துக் கணினிக்கு அன்றாடம் வரும் தொல்லை ரேன்சம்வேர் அல்லவே. டிஸ்ப்ளே டிரைவர் ஒத்துவராமல் திரை இருண்டுபோவதும், ஒரு மென்பொருள் பாதியில் ஏறி நின்று விண்டோஸைக் குழப்புவதும்தான் அதிகம். அப்போது பத்து நிமிடத்தில் நேற்றைய நிலைக்குப் போக இதைவிட எளிய வழி கிடையாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு, புள்ளிகள் அதிகபட்சம் 60 நாட்கள்தான் வைத்திருக்கப்படுகின்றன. அதனால் பழையவை ஆண்டுக்கணக்கில் சேரும் பயமும் இல்லை. ஐந்து சதவீதத்தை விட்டுக்கொடுங்கள், அணைக்காதீர்கள்.

கேள்வி: வாஷியிலிருந்து எழுதுகிறேன். இடம் வேண்டி ரெகவரி என்ற பெயர் கொண்ட எல்லாவற்றையும் தேடி நீக்கினேன். பென் டிரைவில் பிட்லாக்கர் ரெகவரி கீ என்ற ஒரு சிறிய டெக்ஸ்ட் கோப்பும் இருந்தது, அதையும் நீக்கிவிட்டேன். கணினி இப்போது நன்றாகத்தான் இயங்குகிறது. ஏதாவது பாதிப்பு உண்டா?

பதில்: ஓரிரு கே.பி. அளவுள்ள அந்தக் கோப்பை நீக்கியதால் உங்களுக்குக் கிடைத்த இடம் ஒன்றுமில்லை, ஐயா. போனதோ 48 இலக்கங்கள் கொண்ட சாவி. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் உங்கள் டிரைவ் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது. அன்றாடம் கணினி தானே அதைத் திறந்துகொள்வதால் நீங்கள் உணரவில்லை. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோ, சில நேரங்களில் காரணமே தெரியாமலோகூட, ஒருநாள் திரையில் அந்த 48 இலக்கங்களையும் கேட்கும். சாவி எங்குமே இல்லையென்றால் உள்ளே இருப்பதை நீங்களும் திறக்க முடியாது, எந்தக் கடைக்காரரும் திறக்க முடியாது.

கணினி இயங்கிக்கொண்டிருக்கிறது என்பது உங்கள் நல்ல காலம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்நுழைபவராக இருந்தால், அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் உங்கள் சாதனங்களின் பட்டியலில் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குப் போய் ‘பேக் அப் யுவர் ரெகவரி கீ’ என்பதை அழுத்திப் புதிதாக ஒரு பிரதி எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் சேர்த்து வையுங்கள். இந்த இதழை மடித்து வைத்த கையோடு, கணினியை அடுத்தமுறை அணைப்பதற்கு முன்பே, அதைச் செய்துவிடுங்கள்.